ஆறு நிமிடம் கோயிலில் இருந்த வதனி

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, காலை பத்தே காலுக்கு, கோயில் சமையல் கூடத்தில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டே நான் ஒரு பொய் சொன்னேன்.

பெரிய பொய் ஒன்றுமில்லை. ‘ஆமா, இங்கதான் இருக்கா’ — மூன்றே வார்த்தை.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் பொய்யே பேசாதவள் என்று ஒருநாளும் இங்கே பீற்றிக்கொண்டதில்லை. டாக்டரிடம் எடையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். மகளுக்குக் காய்ச்சல் என்று ஸ்கூலுக்கு மெயில் அனுப்பிவிட்டு அவளோடு உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கிறேன். அதனால் யாருக்கும் ஒரு சேதாரமும் வந்ததில்லை. ஆனால் இந்த மூன்று வார்த்தை… ஐந்து வாரம் ஆகிறது, இப்போதும் அதை டைப் செய்துவிட்டு அழிக்கிறேன்.

வதனியும் சிவாவும் ‘எழுதுங்கோ’ என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். பெயர்கள் மட்டும் நான் வைத்தவை.

வதனி என் சிநேகிதி. யாழ்ப்பாணத்துப் பெண். சிட்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். நான் திருச்சிக்காரி. இரண்டு பேரும் நார்த்மீடில் அடுத்தடுத்த தெரு. என்னைவிட எட்டு வயது சின்னவள் என்பதால் நான் அவளுக்கு அக்கா. அவள் கணவர் சிவாவுக்கும் அக்கா. சுத்த சைவம் இரண்டு பேரும். முட்டை போட்ட கேக்கைக்கூட ஒரு கையால் தள்ளி வைப்பாள் வதனி.

இப்படிப்பட்டவள் ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், தையல் மெஷின் மேஜையில் உட்கார்ந்து, ஒரு சின்ன இடுக்கியில் எதையோ கவ்வ வைத்து, பச்சைக் கம்பளி நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நவராத்திரி கொலுவுக்குப் புல்தரை செய்கிறாளாக்கும் என்று நினைத்து கிட்டப் போய்ப் பார்த்தேன்.

தூண்டில் முள்.

“என்னடி இது?”

“ஃப்ளை அக்கா. மீனுக்குக் கட்டுறது” என்றாள், சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறேன் என்கிற மாதிரி.

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். (கதிரை என்றால் நாற்காலி. அவர்களோடு பழகிப் பழகி எனக்கும் ஒட்டிக்கொண்டது.)

அவளோடு வேலை செய்கிற ஜூலி என்கிற ஆஸ்திரேலிய நர்ஸ்தான் பழக்கியிருக்கிறார். ஐம்பத்தெட்டு வயது. சனிக்கிழமை தோறும் கடலோரப் பாறையில் நின்று மீன் பிடிக்கிறவர். அதிலும் ஃப்ளை ஃபிஷிங். அதாவது புழு இல்லை, இறால் இல்லை, ஈயக் குண்டு இல்லை. பூச்சியோ பாசியோ மாதிரி ஒன்றை நூலால் கட்டி, கனமான கயிற்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி வீசி, தண்ணீரில் மெல்ல இறக்குவது. ஆற்றில்தான் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். கடல் பாறையிலும் செய்கிறார்களாம். ஜூலி ஒருநாள் சும்மா கூட்டிப் போயிருக்கிறார். அன்றோடு இவள் விழுந்துவிட்டாள். பாறையில் இல்லை, அந்தப் பைத்தியத்தில்.

“மீன் பிடிக்கிறது பாவம் இல்லையாடி? நீ சைவம்.”

“அக்கா, லுடெரிக் எண்டு ஒரு மீன். கல்லில முளைக்கிற பச்சைப் பாசியைத்தான் விரும்பித் தின்னும். நான் கட்டுறது கம்பளி நூல். இறகுகூட வைக்கிறேல்லை. முள்ளில மீன் கழராமல் மாட்டுற சின்னக் கொழுவியை நசுக்கிப்போட்டுத்தான் பாவிக்கிறன். பிடிச்ச உடனை தண்ணிக்கயே விட்டிடுவன். பாருங்கோ — மீனும் சைவம், தூண்டிலும் சைவம், நானும் சைவம்.”

மறுபேச்சுக்கு இடமே வைக்காத சைவ சித்தாந்தம்.

சரி, இதை ஏன் ரகசியமாகச் செய்ய வேண்டும்? அங்கேதான் சிவா வருகிறார்.

சிவா இந்த நாட்டுக்குப் படகில் வந்தவர். பன்னிரண்டு நாள் கடலில் கிடந்து, பிறகு வில்லாவுட் தடுப்பு முகாமில் இரண்டு வருடம் இருந்து, விசா வாங்கி, ஓடு பதிக்கும் தொழில் கற்று, இன்று சொந்தமாக வேன் வைத்து வேலை செய்கிறார். சிட்னியில் இருந்துகொண்டு கடலைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் யோசித்துப் பாருங்கள்! பத்து வருடத்துக்கு மேலாக அவர் அதைச் சாதித்திருக்கிறார். பிறந்தநாள் பார்ட்டி பீச்சில் என்றால் வர மாட்டார். பாலத்தில் போனால் ரோட்டை மட்டும் பார்ப்பார். டிவியில் அலை வந்தால் சேனலை மாற்றுவார். அவரிடம் போய், ‘நான் கல்லு விளிம்பில் நின்று மீன் பிடிக்கிறேன்’ என்று வதனி எப்படிச் சொல்வாள்?

“சொன்னால் அவர் நித்திரை கொள்ள மாட்டார் அக்கா. நான் விட்டாலும் எனக்கு நித்திரை வராது. சனிக்கிழமை அந்த மூண்டு மணித்தியாலம்தான் நான் ஒருத்தருக்கும் முழங்கால் மடக்கிவிடாமல் நிக்கிறது” என்றாள்.

அதனால் எனக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. சனிக்கிழமை காலையில் நான் கோயிலுக்கு அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போவது வழக்கம். ‘அக்காவோட கோயிலுக்குப் போட்டு வாறன்’ என்று வீட்டில் சொல்லிவிட்டு வதனி தன் காரில் புறப்படுவாள். கார் கோயில் பக்கம் திரும்பாது, கடல் பக்கம் திரும்பும். யாராவது கேட்டால் என்னோடு இருக்கிறாள் என்று நான் சொல்ல வேண்டும்.

உடனே சம்மதித்தேன். யோசிக்கக்கூட இல்லை. நம் வீடுகளில் இது ஒரு கைவேலை மாதிரி சின்ன வயதிலேயே பழக்கிவிடுகிறார்கள் இல்லையா? வாசலில் ஆள் நின்றால், ‘அப்பா இல்லைன்னு சொல்லு’. கல்லூரியில் தோழி சினிமாவுக்குப் போனால், ‘அவ லைப்ரரில இருக்கா ஆன்ட்டி’. ஆபீஸில் பக்கத்து சீட் காலி என்றால், ‘மீட்டிங்ல இருக்கார்’. அடுத்தவருக்காகச் சொல்கிற பொய்யை நாம் பொய்க் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அது உதவி. சிநேகத்துக்கு அடையாளம். செய்யாவிட்டால்தான் தப்பு.

அந்தச் சனிக்கிழமை கந்த சஷ்டி நான்காம் நாள். வதனி காப்புக் கட்டி விரதம். நாளுக்கு இரண்டு வேளை பாலும் வாழைப்பழமும் மட்டும். ஜூலிக்கு ஃப்ளூ. ‘தனியாகப் பாறைக்குப் போகவே கூடாது, அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று முந்தின நாளே மெசேஜ் அனுப்பியிருக்கிறார். வதனி ஒரு தம்ஸ்-அப் போட்டுவிட்டு, காலையில் தனியாகப் போய்விட்டாள். மூன்று நாள் பால்பழத்தோடு.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே மணி அடித்துக்கொண்டிருந்தது. ஃபோன் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

“அக்கா, கோயில்லயோ நிக்கிறியள்?” — சிவா.

“ஆமா சிவா, கிச்சன்ல. சொல்லுங்க.”

“வதனி உங்களோடயோ?”

“ஆமா, இங்கதான் இருக்கா.”

பூசணிக்காயிலிருந்து கத்தியைக்கூட எடுக்கவில்லை நான். அவ்வளவு சரளமாக வந்தது.

அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு கேட்டது. “அப்பாடா. சரியாப் பயந்துபோனன் அக்கா. பொலிஸில இருந்து எடுத்தவங்கள். கடற்கரைப் பக்கம் கல்லுக்கு மேல வதனிட பாக் கிடக்காம். உள்ளுக்க என்ர நம்பர் எழுதின காட் இருந்ததாம். பக்கத்தில தூண்டில் தடி வைக்கிற குழாய் ஒண்டும் கிடக்காம். ஆளைக் காணேல்லையாம், தண்ணிக்க விழுந்திருப்பா எண்டு தேடுகினமாம்.” சிரித்தார். “வதனியும் மீன்பிடியும்… ஆரோ பாக்கைக் களவெடுத்துக்கொண்டு போய் அங்க போட்டிருக்கிறான். அவ கோயில்ல எண்டு நான் உடனை எடுத்துச் சொல்லிவிடுறன். பாவம், அவங்கள் வீணாத் தேடுறாங்கள். வைக்கிறன் அக்கா.”

வைத்துவிட்டார்.

நான் அப்படியே நின்றேன். ஃபோன் தோளிலேயே இருந்தது. ‘என்ன மாமி, முகம் ஒரு மாதிரி இருக்கு?’ என்று பக்கத்தில் வெங்காயம் உரித்தவர் கேட்டார். கையைக்கூடக் கழுவாமல் வெளியே நடந்தேன்.

சிவாவைத் திருப்பிக் கூப்பிட்டேன். பிஸி. மறுபடி… பிஸி. அவர் போலீஸோடு பேசிக்கொண்டிருக்கிறார். என் மூன்று வார்த்தையை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மறுபடி… பிஸி.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் யாருக்கும் நேரக்கூடியது.

கோயில் பின்வாசலுக்கு வந்து நின்றபோது எனக்குள் ஒரு குரல் சமாதானம் சொன்னது — ‘பாக்கை வைத்துவிட்டு வேறு பாறைக்குப் போயிருப்பாள். காரில் உட்கார்ந்து ஹீட்டர் போட்டிருப்பாள். அவசரப்பட்டு உளறிவிட்டால் சிவாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும். கொஞ்சம் பொறு. அவளே வந்து பாக்கை எடுத்துக்கொள்வாள்.’

பொறுத்தேன். என் உயிர்ச் சிநேகிதி கடலில் விழுந்திருக்கலாம் என்று தெரிந்தும், அவள் ரகசியத்தைக் காப்பாற்றலாமா என்று யோசித்தபடி நின்றேன். எத்தனை நேரம்? ஃபோனில் பதிவு இருக்கிறது. சிவா பேசி முடித்தது பத்து பதினேழு. நான் அடுத்து ஒரு மனிதரோடு பேசியது பத்து இருபத்துமூன்று. ஆறு நிமிடம். அதில் சிவாவைக் கூப்பிட்டது போக மிச்சமெல்லாம் இந்த யோசனைதான். நான் இப்படிப்பட்டவள் என்று எனக்கே அன்றுவரை தெரியாது.

கடைசியில் வதனியின் நம்பருக்கே அடித்தேன். ரிங் போனது. எடுத்தார்கள். என் வயிறு குளிர்ந்தது ஒரே ஒரு விநாடி.

ஆண் குரல். ஆங்கிலம். பாக்கில் கிடந்த ஃபோனை எடுத்த போலீஸ். பின்னால் காற்று இரைந்தது.

யார் பேசுகிறீர்கள் என்றார். வதனியின் தோழி என்றேன்.

“கவலைப்படாதீர்கள். இப்போதுதான் அவர் கணவர் பேசினார். வதனி ஒரு தோழியோடு கோயிலில் பத்திரமாக இருக்கிறார். யாரோ பையைத் திருடியிருக்கிறார்கள் போல. வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.”

“அந்தத் தோழி நான்தான்.”

“ஓ, நல்லது. அப்படியென்றால் நீங்களே சொல்லிவிடுங்கள்.”

“அவள் என்னோடு இல்லை.”

“எப்போது கிளம்பினார்?”

“அவள் வரவே இல்லை. நான் பொய் சொன்னேன். அவள் மீன் பிடிக்கத்தான் வந்தாள். அங்கேதான் வந்தாள்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. லைஃப் ஜாக்கெட் உண்டா? உண்டு. என்ன நிறம்? ஆரஞ்சு. நீந்தத் தெரியுமா? சுமாராக. கடைசியாக எப்போது பேசினீர்கள்? நேற்று. பிறகு ஃபோனை வாயிலிருந்து விலக்கி யாரிடமோ கத்தியது கேட்டது — மீட்பு ஜெட் ஸ்கியைத் திரும்ப அனுப்பு, ஆள் தண்ணீரில்தான், திரும்ப அனுப்பு.

திரும்ப. அந்த வார்த்தைக்கு அர்த்தம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்தது சிவா. இந்த முறை முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

“சிவா… வதனி என்கூட இல்ல.”

“இப்பதானே சொன்னியள் அக்கா.”

“பொய் சொன்னேன்.”

“அப்ப எங்க?”

எப்படிச் சொல்வீர்கள்? வேறு யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம் அந்த வார்த்தையை. அவரிடம் சொன்னேன்.

“கடல்ல, சிவா.”

அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஏன், எதற்கு, எத்தனை நாளாக — ஒன்றும் இல்லை. வேன் கதவு மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கோயிலிலிருந்து கடற்கரைக்குச் சனிக்கிழமை டிராஃபிக்கில் ஒரு மணி நேரம். எந்த சிக்னலில் நின்றேன், எதில் நிற்காமல் போனேன் என்று கேட்காதீர்கள். கை முழுக்கப் பூசணிக்காய் பிசுக்கு. முருகா முருகா என்று சொல்லக்கூடக் கூச்சமாக இருந்தது. அவன் கோயிலில் நின்றுதானே சொன்னேன்? எந்த முகத்தோடு கூப்பிடுவது?

நான் கார் பார்க்கில் போய் இறங்கியபோது ஹெலிகாப்டர் மேலே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஒரு போலீஸ் பெண் வந்து தோளைப் பிடித்தார். “கிடைத்துவிட்டார். உயிரோடு இருக்கிறார்” என்றார். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். மூன்றாவது தடவையும் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார்.

ஆம்புலன்ஸ் கதவு திறந்திருந்தது. உள்ளே வெள்ளிக் காகிதம் மாதிரி ஒரு போர்வையில் சுற்றி வதனி. உதடு நீலம். பக்கத்தில் சிவா. முழங்கால் வரை ஈரம், கையெல்லாம் காய்ந்த சிமெண்ட். அவர் வந்த வேகத்தில் நேராகப் பாறையில் இறங்கித் தண்ணீருக்குள் கால் வைத்துவிட்டாராம். இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்து இழுத்திருக்கிறார்கள். டிவியில் அலை வந்தாலே சேனலை மாற்றுகிற மனிதர்.

என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. கோபம் என்றால்கூடத் தாங்கியிருப்பேன். என்னை அடையாளம் தெரியாதவர் மாதிரி பார்த்தார்.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் வதனிக்குப் பேச்சு வந்தது. மணிக்கட்டு முறிவு. பாறைச் சிப்பிகள் கிழித்து இரண்டு காலிலும் கீறல். கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்க, ‘நேற்றுப் பின்னேரம் ஒரு வாழைப்பழம்’ என்றாள். அதற்கு முன்னால்? ‘பால்.’ அதற்கும் முன்னால்? ‘வாழைப்பழம்.’ அந்த இளம் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளையே பார்த்தார். கடலில் விழுந்தது அவருக்குப் புரிந்தது. இதுதான் புரியவில்லை.

“மீன் ஒண்டு பிடிபட்டது அக்கா. நூலோட கல்லைச் சுத்திப் போட்டுது. கழட்டிவிட வேணும் எண்டு ரெண்டு படி கீழ இறங்கினனான். குனியேக்க கண் இருட்டிக்கொண்டு வந்தது. பெரிய அலைகூட இல்லை. இடுப்பளவு தண்ணிதான். அப்படியே கொண்டு போட்டுது.”

ஜூலி சொல்லிக்கொடுத்தது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. விழுந்தால் பாறையைப் பிடிக்கப் பார்க்காதே, பாறைதான் கொல்லும். வெளியே நீந்திப் போ, மல்லாக்கக் கிட, காத்திரு. அப்படியே செய்திருக்கிறாள். பாறை மேல் நாயோடு நடக்க வந்த தம்பதி பையைப் பார்த்து, கொஞ்ச நேரம் காத்துப் பார்த்து, ஆள் வரவில்லை என்றதும் போலீஸுக்குச் சொல்லியிருக்கிறார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ, நன்றாக இருக்க வேண்டும்.

பிறகுதான் அதைச் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் சிவாவிடம் என்ன சொன்னேன் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

“ஜெட் ஸ்கி ஒண்டு முதலே வந்தது அக்கா. எனக்கு வடிவாத் தெரிஞ்சது. ஒரு கை உடைஞ்சு போச்சு, மற்றக் கையைத் தூக்கிக் காட்டினனான். கத்தினனான். என்னைக் காணேல்லைப் போல. கிட்ட வர இருந்தது, அப்படியே திரும்பிப் போட்டுது. அப்பதான் எனக்கு ‘சரி, முடிஞ்சுது’ எண்டு இருந்தது. அதுவரைக்கும் பயம் இல்லை.”

திரும்ப அனுப்பு.

இப்போது உறைத்தது. அவள் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தபோது, ‘அவர் கோயிலில் பத்திரமாக இருக்கிறார், வந்துவிடு’ என்று கரையிலிருந்து யாரோ ரேடியோவில் சொல்லியிருக்கிறார்கள். நான் பின்வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சொல்லிவிட்டேன். ஆறு நிமிடத்தையும் சொன்னேன், யோசித்ததையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். நான் இப்படி அழுதால் வழக்கமாக வதனிதான் சமாதானப்படுத்துவாள். அன்று அவள் என் பக்கம் திரும்பவில்லை. ட்ரிப்ஸ் ஏறுகிற கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “நான்தானே சொல்லச் சொன்னனான்” என்றாள். மன்னிப்பா, கணக்குத் தீர்ப்பா, தெரியவில்லை. இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஜன்னல் பக்கம் நின்ற சிவா அப்போதுதான் பேசினார். திரும்பாமல் பேசினார்.

“நாங்கள் படகில வெளிக்கிடேக்க ஒருத்தருக்கும் தெரியக்கூடாது எண்டு, அம்மா ஊரில எல்லாருக்கும் நான் கொழும்பில வேலை செய்யிறன் எண்டு சொன்னவ. படகில இருந்த அத்தனை பேரின்ர வீட்டிலயும் ஏதோ ஒரு கதை. கொழும்பில நிக்கிறான், மன்னாரில நிக்கிறான், கலியாண வீட்டுக்குப் போட்டான். அஞ்சாம் நாள் இஞ்சின் நிண்டது. தூரத்தில கப்பல் போகும். நாங்கள் போட்டிருந்த சேட்டைக் கழட்டி ஆட்டுவம். அது தன்ர பாட்டில போகும். எங்களைக் காணேல்லை எண்டு தேடச் சொல்ல ஒருத்தரும் இல்லை அக்கா. ஏனெண்டால் நாங்கள் எல்லாரும் வீட்டில சொன்ன இடத்தில பத்திரமா இருந்தம்.”

நர்ஸ் வந்து பிரஷர் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு வதனியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “போ. மீன் பிடி. நான் மறிக்கேல்லை” என்றார் அவளிடம். “ஜூலி இல்லாமல் போகாத. எந்தக் கல்லு எண்டு சொல்லிப்போட்டுப் போ. நான் நித்திரை கொள்ளாட்டிப் பரவாயில்லை.”

அவள் அப்போதுதான் அழுதாள்.

ஒரு வாரம் கழித்துக் கோயிலுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. நான்கு பேர் சுற்றி நின்றார்கள். கை எப்படி இருக்கிறது, காயம் ஆறிவிட்டதா என்று கேட்பார்கள் என்று பார்த்தால், முதல் கேள்வியே, “சஷ்டி விரதத்திலயா மீன் பிடிச்சவ?” ஒருத்தி செத்துப் பிழைத்து வந்திருக்கிறாள், இவர்களுக்கு மீன்தான் முள்ளாகக் குத்துகிறது. மீன் சைவம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. கொஞ்ச நாளைக்கு யார் சார்பிலும் வாயைத் திறப்பதில்லை என்று இருக்கிறேன்.

அதற்காக நான் திருந்திவிட்டேன் என்று இங்கே எழுதினால் நீங்கள் நம்ப வேண்டாம். போன வாரம் சேல்ஸ் கால் வந்தது, ‘மேடம் வெளியே போயிருக்காங்க’ என்று நானே என்னைப் பற்றிச் சொன்னேன். ஆனால் ஒன்று. ‘அவ எங்கே?’ என்று அக்கறையோடு ஒருவர் கேட்கும்போது, அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு படகோ, ஒரு ஜெட் ஸ்கியோ புறப்படக் காத்திருக்கலாம். அதை என் வாயால் திருப்பி அனுப்ப எனக்கு என்ன உரிமை? ரகசியம் காப்பாற்றுவது பெரிய குணம்தான். ஆள் மிஞ்சினால்தானே ரகசியத்துக்கும் மரியாதை?

போன வியாழக்கிழமை சாயங்காலம் வதனி என் வீட்டுக்கு வந்திருந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் இட்லியைப் பிட்டுச் சாப்பிடத் திணறிக்கொண்டிருந்தாள். அவள் ஃபோன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது. என் ஃபோன் அடித்தது. சிவா.

“அக்கா, வதனி உங்களோடயோ?”

“ஆமா சிவா, இங்கதான் இருக்கா.”

சத்தியமான உண்மை. என் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், சட்னி கேட்டபடி இருக்கிறாள். ஆனால் அந்தப் பக்கம் அந்தப் பெரிய மூச்சு வரவில்லை.

“அவவிட்ட ஒருக்காக் குடுங்கோ அக்கா” என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

கொடுத்தேன்.